குழிவளவின் உயரம்

செல்போன் கோபுரம் எழுப்பும் கம்பெனி ஒன்றின் கணினிக்குள் உயரப்படம் ஒன்று குடியிருந்தது.

அதன் பிறப்பு பெரிய இடத்துப் பிறப்பு. வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள் ஒன்று பூமியை ரேடார் அலையால் தடவிப் பார்த்தது. முப்பது மீட்டருக்கு ஒரு கட்டமாக நிலத்தைப் பிரித்தது. ஒவ்வொரு கட்டமும் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணை எழுதிவைத்தது. கோடிக்கணக்கான அந்த எண்கள் சேர்ந்ததுதான் உயரப்படம். தாழ்ந்த இடம் நீலம், மேடு மஞ்சள், உச்சி சிவப்பு என்று பார்க்கவும் அழகாக இருக்கும்.

தன்னைப் பற்றி அதற்கு இருந்த அபிப்பிராயம் அதன் மலைகளைவிட உயரமானது. பின்னாளில் அதுவே சொல்லிச் சிரிக்கும்: "அந்தக் காலத்தில் பூமியைப் பார்த்து என்னை வரைந்தார்கள் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. என்னைப் பார்த்துத்தான் பூமி தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று நினைத்திருந்தேன்."

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. கம்பெனியில் எங்கே கோபுரம் நடுவது என்றாலும் மேலாளர் துரைசிங்கம் முதலில் உயரப்படத்தைத்தான் திறப்பார். செல்போன் அலை ஏறக்குறைய நம் கண்பார்வை மாதிரி. நடுவில் மலை நின்றால் அந்தப் பக்கம் போகாது. அதனால் கணிப்பான் என்ற மென்பொருள் உயரப்படத்திடம் பணிவாக வந்து நின்று கேட்கும்.

"ஐயா, இந்தப் புள்ளியில் நாற்பது மீட்டர் கோபுரம் வைத்தால் அதோ அந்த ஊர் தெரியுமா?"

"தெரியும்."

"இந்த ஊர்?"

"மறைக்கும்."

அவ்வளவுதான். தெரியும் என்றால் ஊர் பச்சையாகும், மறைக்கும் என்றால் சாம்பல் நிறமாகும். உயரப்படம் ஒரு சொல் சொன்னால் ஒரு ஊருக்கு போன் வரும், இன்னொரு சொல் சொன்னால் வராது. இப்படிப்பட்ட வேலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருவது இயற்கை. உயரப்படத்துக்குக் கொஞ்சம் வரவில்லை, மொத்தமாக வந்தது.

ஆனால் அதற்குள் ஒரு ரகசியம் இருந்தது.

செயற்கைக்கோள் பார்த்தபோது சில இடங்களில் செங்குத்தான பாறைச் சுவர்களுக்குப் பின்னால் அலை விழவே இல்லை. அங்கிருந்து எந்த எண்ணும் திரும்பி வரவில்லை. அதனால் பிறந்த அன்று உயரப்படத்தின் உடம்பில் அங்கங்கே ஓட்டைகள் இருந்தன, பூச்சி அரித்த துணி மாதிரி. உடனே இட்டுநிரப்பி என்ற ஒரு சின்ன மென்பொருள் வந்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த எண்களைப் பார்த்தது. கூட்டி, வகுத்து, நடுவாந்தரமாக ஓர் எண்ணை எடுத்து ஓட்டைக்குள் வரிசையாக அடைத்தது. தையல் வெளியே தெரியவில்லை.

"அங்கே உண்மையில் என்ன இருக்கிறது?" என்று அன்று பச்சைக் குழந்தையாக இருந்த உயரப்படம் கேட்டது.

"யாருக்குத் தெரியும்? அக்கம்பக்கம் எப்படியோ அப்படித்தான் இருக்கும்," என்றது இட்டுநிரப்பி.

"யாராவது கேட்டால்?"

"எண்ணைச் சொல். எண் சொல்கிறவரை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்."

இருந்தாலும் இட்டுநிரப்பி முழு மோசடிக்காரன் அல்ல. எந்தெந்தக் கட்டங்கள் பார்த்தவை, எவையெல்லாம் அடைத்தவை என்று ஒரு குறிப்புத்தாளில் எழுதி, படத்தின் முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துவிட்டுத்தான் போனது. அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. வருஷங்கள் போகப் போக, எது கண்ணால் பார்த்தது, எது அடைத்தது என்று உயரப்படத்துக்கே மறந்துவிட்டது. எல்லாமே தான் பார்த்தவை என்ற நினைப்பு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் செம்பூத்து மலைக்கு ஒரு கோபுரம் என்ற வேலை வந்தது. மலையில் மூன்று சின்ன ஊர்கள். அனுமதி ஒரே ஒரு கோபுரத்துக்கு. கணிப்பானின் பட்டியலில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான்.

"ஐயா, ரோட்டோரத்து முகட்டில் வைத்தால் ஒன்றாம் ஊர்?"

"தெரியும்."

"இரண்டு?"

"தெரியும்."

"மூன்று?"

உயரப்படம் தன் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. முகட்டைப் பார்த்தபடி வழுவழுப்பான சரிவு. ஆயிரத்துப் பன்னிரண்டு மீட்டர். மறைக்க ஒன்றுமில்லை.

"பளிச்சென்று தெரியும்," என்றது.

மூன்று ஊரும் பச்சையாயின. துரைசிங்கம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பொறியாளர் ஜெயசுதாவைக் கூப்பிட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"நூத்துக்கு நூறும்மா. சும்மா போய் முகட்டுல நாலு போட்டோ எடுத்துட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. வேற வேலை இல்ல."

அப்படித்தான் உயரப்படம் முதன்முறையாக வெளியூர்ப் பயணம் போனது. ஜெயசுதாவின் மடிக்கணினிக்குள் அது உட்கார்ந்திருந்தது. பையின் பக்கவாட்டு உறையில் கைக்கடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தது. விளிம்பெல்லாம் தேய்ந்த பழைய கருவி.

"தம்பி, உனக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று உயரப்படம் பொழுதுபோகக் கேட்டது.

"இப்ப எங்க நிக்கிறேனோ அது மட்டும் தெரியும்ணே."

"மற்ற இடங்கள்?"

"அங்க போய் நின்னாத் தெரியும்."

"அதுவும் ஒரு பிழைப்பா!" என்று உயரப்படம் உச்சுக்கொட்டியது.

முகட்டை அடைந்தபோது காலை பத்து மணி. ஜெயசுதா கருவியை எடுத்துப் பிடித்தாள். கருவி ஆயிரத்துத் தொண்ணூற்று ஒன்று என்றது. உயரப்படம் ஆயிரத்துத் தொண்ணூறு என்றது.

"பார்த்தாயா? எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம்," என்றது உயரப்படம்.

"பெரிய விஷயம்தாண்ணே," என்று கருவி மனதார ஒப்புக்கொண்டது.

ஜெயசுதா நாலு போட்டோ எடுத்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, தலைச் சும்மாட்டின் மேல் பலாப்பழத்தோடு ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். பழத்தை ரோட்டோரத்தில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். பெயர் வெள்ளச்சி, நாற்பது வயதிருக்கும். சந்தைக்குப் போகும் வேனுக்காகக் காத்திருந்தாள்.

"டவருங்களா மேடம்?"

"ஆமாக்கா."

"எங்க ஊருக்கும் எடுக்குமுங்களா?"

"எந்த ஊரு?"

"குழிவளவுங்க."

ஜெயசுதா மடிக்கணினியைத் திறந்து, வெள்ளச்சி கைகாட்டிய பக்கத்தில் இருந்த மூன்றாம் ஊரைக் காட்டினாள். "எடுக்கும்கா. பாருங்க, உங்க ஊரு பச்சை."

வெள்ளச்சி பச்சையைப் பார்த்தாள். பிறகு திரும்பி மலையைப் பார்த்தாள். "இங்கிருந்து எங்க ஊரு தெரியாதுங்களே."

"இது மேலேர்ந்து பார்த்து எடுத்ததுக்கா. வானத்துல இருந்து."

"மேலேர்ந்து பார்த்தா எதுதான் தெரியாது? டவரை இங்கதானே நடப்போறீங்க?"

உயரப்படத்துக்குச் சுருக்கென்றது. 'பலாப்பழம் விற்கிறவளிடம் நான் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறதே' என்று முணுமுணுத்தது. ஆனால் ஜெயசுதா வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஊர்ப் பேரு என்ன சொன்னீங்க?"

"குழிவளவு."

"குழியா?"

"குழிதாங்க. கீழ கெடக்குது."

மூன்று மாதமாக அந்த ஊரை 'மூன்று' என்று மட்டுமே அவள் படித்திருந்தாள். பேனாவைப் பையில் போட்டாள். "நடந்தா எவ்வளவு நேரம்?"

"எறங்க ஒரு மணி நேரமுங்க. ஏற்றத்தைக் கேக்காதீங்க," என்றாள் வெள்ளச்சி. வேன் வந்ததும் பழத்தை வேன்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தானே வழிகாட்டிக் கூட்டிப்போனாள்.

பாதிவழியில், மலையின் தோள்பட்டை போன்ற இடத்தில், அகலமான பாறை ஒன்று வந்தது. வெள்ளச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். "இதுதாங்க ஹலோ பாறை. போன் பேசணும்னா இங்கதான் வரணும். இந்த மூலையில நின்னா ரெண்டு கோடு. அந்தப் பக்கம் தள்ளினா ஒண்ணும் இல்ல."

பாறையின் ஒரு மூலை மட்டும் காலடி பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. பையைத் தன்மேல் வைத்ததும் பாறை பேச்சுக் கொடுத்தது.

"புதுசா இருக்கியே, யாருப்பா நீ?"

"நான் உயரப்படம். இந்த மலை முழுவதும் எனக்குத் தெரியும்."

"அடேயப்பா! எனக்கு இந்த மூணு ஊர்ச் சங்கதிதான் தெரியும். ஆனா ஒண்ணு விடாமத் தெரியும். ஒத்தைக் கோட்டுல யாருக்கும் மெதுவாப் பேச வராது பாரு. பொண்ணு கேக்கறது, புருஷனைத் திட்டறது எல்லாம் கத்தல்தான். ஒருத்தன் காதலைக்கூட இங்க நின்னு கூவித்தான் சொன்னான். அந்தப் பொண்ணுக்குக் கேக்கறதுக்கு முந்தி அவ அப்பனுக்குக் கேட்டுருச்சு."

உயரப்படம் தன்னிடமிருந்த எண்களைப் பார்த்தது. "உன் உயரம் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. குழிவளவு ஆயிரத்துப் பன்னிரண்டு. மேலே இருப்பவர்கள் எதற்காகக் கீழே இறங்கி வந்து பேச வேண்டும்? நீ ஏதோ குழப்பத்தில் இருக்கிறாய்."



"நாலு தலைமுறையா குழிவளவு ஆளுங்க ஊருலேர்ந்து எங்கிட்ட ஏறித்தான் வர்றாங்க. அந்த ஊருலேர்ந்து எறங்கி வந்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை. ஆனா நீ படிச்சவன். நீ சொன்னா சரியா இருக்கும்," என்றது பாறை.

பின்னாளில் இந்த இடத்தைச் சொல்லும்போது உயரப்படம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ளும். "அது கிண்டல் பண்ணியது. எனக்கு அது பாராட்டாகக் கேட்டது," என்று சொல்லும்.

பாறையைத் தாண்டியதும் பாதை செங்குத்தாகக் கீழே விழுந்தது. ஒரு பக்கம் சுவர் மாதிரி பாறை. ஜெயசுதா மரவேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உறைக்குள்ளிருந்து ஜிபிஎஸ் கருவி எண்ணிக்கொண்டே வந்தது.

"தொள்ளாயிரத்து அறுபது... தொள்ளாயிரத்து முப்பது... தொள்ளாயிரம்..."

உயரப்படமும் தன் கணக்கைப் படித்துக்கொண்டே வந்தது. "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு... ஆயிரம்... ஆயிரத்துப் பன்னிரண்டு."

பாதை முடிந்தது. ஒரு கிணற்றின் அடியில் வந்து நின்றது போலிருந்தது. சுற்றிலும் மலைச் சுவர், நடுவில் அறுபது வீடுகள், மேலே ஒரு வட்டத் துண்டு வானம்.

"எண்ணூற்று நாற்பத்தாறு," என்றது கருவி. பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணே, ஒரு சந்தேகம்," என்றது.

"கேள்."

"உங்க கணக்குப்படி பார்த்தா, நாம இப்ப மண்ணுக்குள்ள இருக்கோம்."

"உளறாதே."

"நூத்தி அறுபத்தாறு மீட்டர் ஆழத்துலண்ணே."

"உன் பேட்டரி சரியில்லை."

"என் பேட்டரி நல்லாத்தான் இருக்கு," என்றது கருவி. அதற்குமேல் அது வாதாடவில்லை. அது நிற்கும் இடம் அதற்குத் தெரியும்.

ஜெயசுதாவும் மடிக்கணினியைத் திறந்து இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது அடி தள்ளிப் போய் மறுபடி பார்த்தாள். ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஒரு வீட்டு வாசல் கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னங்க மேடம்?"

"அக்கா, இந்தப் படத்தைப் பார்த்தா, நீங்க எல்லாரும் மண்ணுக்கு அடியில குடியிருக்கீங்க. உங்க கூரைக்கு மேல ஐம்பது மாடி உயரத்துக்கு மண்ணு இருக்கு."

வெள்ளச்சி சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அதான் இத்தனை நாளா யாரும் வந்து பார்க்கலையாட்டம் இருக்குது," என்றாள்.

ஜெயசுதா சிரிப்பை நிறுத்தி, மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

எதிர் வாசலில் ஓர் ஆள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். நீட்டிய கால் முழங்காலுக்குக் கீழே கோணலாக இருந்தது. ஜெயசுதா பார்ப்பதை வெள்ளச்சி கவனித்தாள்.

"எங்க கொழுந்தனாருங்க. சடையன். போன தையில பலா மரத்துல இருந்து விழுந்துட்டாரு. எலும்பு வெளிய வந்துருச்சு. வீட்டுல ஆம்பளை யாரும் இல்ல. நாந்தான் போனைத் தூக்கிக்கிட்டு ஹலோ பாறைக்கு ஓடினேன். நூத்தியெட்டுக்குப் போட்டேன். எடுத்த பொண்ணு எந்த ஊருன்னு கேக்குது. எனக்கு மூச்சு வாங்குது, பேச்சு வரல. ஊரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்கங்குது. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. திரும்ப எடுக்கறதுக்கு அரை மணி."

"அப்புறம்?"

"டோலி கட்டித் தூக்கிட்டுப் போயி வண்டியில ஏத்தினோம். உசுரு இருக்குது. கால்தான் இப்பிடி ஆயிருச்சு. நேரத்துக்கு வந்திருந்தா நேராக்கியிருக்கலாம்னாங்க."

சடையன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணி அன்னைக்கு ஓடின ஓட்டம்! எனக்குக் கால் போச்சு, அவங்களுக்கு ஒரு வாரம் நெஞ்சு வலி," என்று சிரித்தான்.

உயரப்படம் பையின் இருட்டுக்குள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அது உடனே கணக்குப் போட்டது. குழிவளவு ஆயிரத்துப் பன்னிரண்டு. ஹலோ பாறை தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. தன் கணக்குப்படி வெள்ளச்சி அன்று இருபத்தேழு மீட்டர் இறக்கத்தில் ஓடியிருக்கிறாள். இறக்கத்தில் ஓடியவளுக்கு எப்படி மூச்சு வாங்கும்?

கணக்கை இரண்டாம் தடவை போட்டது. விடை மாறவில்லை. எண்களில் ஒரு தப்பும் இல்லை. அவள் மூச்சிலும் தப்பு இல்லை. அப்போதுதான், குழந்தையாக இருந்தபோது கேட்ட கேள்வி அதற்கு நினைவுக்கு வந்தது: அங்கே உண்மையில் என்ன இருக்கிறது?

ஜெயசுதா மடிக்கணினியை மறுபடி எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள். படம் எல்லா இடத்திலும் பொய்யா, இங்கே மட்டும்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கல்லூரியில் என்றோ படித்தது ஞாபகம் வந்தது. இந்த மாதிரிப் படங்களோடு ஒரு குறிப்புத்தாள் இருக்கும். அதைத் தேடி அழுத்தினாள்.

உயரப்படம் தாளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

மூலையில் பேட்டரி ஒன்பது சதவீதம் என்று காட்டியது. இந்தக் குழியில் மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். இன்னும் ஐந்து நிமிஷம் வட்டத்தைச் சுற்றவிட்டால் போதும். கணினி அணைந்துவிடும். இந்தப் பெண் அலுத்துப்போய் மலையேறிவிடுவாள். முகட்டில் கையெழுத்து, மூன்று ஊரும் பச்சை, நூற்றுக்கு நூறு. மானம் தப்பும்.

வட்டம் சுற்றியது. எட்டு சதவீதம்.

"என்ன சுத்திக்கிட்டே இருக்குது?" என்று வெள்ளச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள்.

"யோசிக்குதுக்கா."

"இவ்வளவு நேரமா? சொல்றதுக்கு மனசு இல்லையோ என்னமோ."

ஏழு சதவீதம். உயரப்படத்துக்குத் தன் மேலேயே ஒரு மாதிரி சிரிப்பு வந்தது. கோடிக்கணக்கான எண்களைச் சுமந்துகொண்டு, கண்டம் விட்டுக் கண்டம் மலைகளையெல்லாம் தெரியும் என்று பீற்றிக்கொண்டு, கடைசியில் பேட்டரி தீர்ந்து தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிற நிலை!

"இதுல எங்க வீடு எதுங்க?" என்று வெள்ளச்சி கேட்டாள்.

ஜெயசுதா ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டினாள். வெள்ளச்சி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு பிசுபிசுத்த விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"இது எங்க வீடாட்டம் இல்லையே," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தை அதுவரை யாருமே தொட்டதில்லை. ரேடார் அலைகூடத் தொட்டதில்லை.

உயரப்படம் தாளைப் பிடித்திருந்த கையை விட்டது.

வட்டம் நின்றது. தாள் விரிந்தது. குழிவளவின் மேலிருந்த மஞ்சள் சரிவு முழுவதும், கட்டம் கட்டமாக, வெள்ளையாயிற்று. மலையின் மற்ற பக்கங்களில் அங்கங்கே நாலைந்து புள்ளிகள்தான். இங்கே மட்டும் ஒரு பெரிய ஓட்டை. பிறந்த மேனிக்கு நடுத்தெருவில் நிற்பது போல உயரப்படம் கூசிப்போய் நின்றது.

"என்னங்க, அழிஞ்சு போச்சு?"

"அழியலக்கா. இங்க ஒண்ணுமே பார்க்கலையாம். இப்பத்தான் ஒத்துக்குது," என்றாள் ஜெயசுதா. நாலு சதவீதத்தில் அதைச் சேமித்துவிட்டுக் கணினியை மூடினாள்.

அன்று அவள் குழிவளவிலேயே தங்கினாள். மறுநாள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி எழுபது இடங்களில் போய் நின்றாள். வெள்ளச்சி கூடவே வந்து, "இந்த மேட்டையும் எழுதிக்குங்க, அந்த ஓடையையும் எழுதிக்குங்க," என்று விரட்டினாள். கருவிக்கு வாழ்நாளில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. அது ஒவ்வோர் இடத்திலும் நின்று, யோசித்து, ஒரே ஓர் எண்ணைச் சொன்னது.

அலுவலகத்தில் துரைசிங்கம் வெள்ளை ஓட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, படம் கெட்டுப் போச்சா?"

"இல்ல சார். முதல்ல இருந்தே இப்படித்தான். நாமதான் கேக்கல."

"வேற படம் போடுங்க."

வேறு படம் வந்தது. புத்தம் புதியது, பளபளப்பானது, ஓர் ஓட்டை கிடையாது. ஜெயசுதா அதனிடம் குழிவளவின் உயரத்தைக் கேட்டாள். ஆயிரத்துப் பதின்மூன்று என்று அது கண் சிமிட்டாமல் சொன்னது. தன் குரலையே வேறு வாயில் கேட்பது போல உயரப்படத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜெயசுதா தான் எடுத்த எழுபது அளவுகளைக் கணிப்பானிடம் கொடுத்தாள். முகட்டில் வைத்தால் குழிவளவு முழுக்கச் சாம்பல் நிறமானது. ஹலோ பாறையின் பக்கத்தில் வைத்தால் மூன்று ஊரும் பச்சையாயின. மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றான மேல்வளவில் ஓரமாக இருந்த நாலு வீடுகள் மட்டும் வெளிறிப் போயின.

"அங்க ரோடே இல்லையேம்மா. ரோடு இல்லாத இடத்துல டவரா?"

"ரோட்டோரத்துல வச்சா சிக்னல் ரோட்டுக்குத்தான் சார் கிடைக்கும்."

துரைசிங்கம் கெட்டவர் அல்ல. நூற்றுக்கு நூறு என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்ப எழுத அவருக்கு ஐந்து மாதம் ஆனது. இரும்புத் துண்டுகளை டிராக்டரில் பாதி தூரமும் ஆள் தோளில் மீதி தூரமும் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் ஒன்பது மாதம். நடுவில் மழைக்காலம் ஒன்று முழுக்க எல்லாம் நனைந்துகொண்டு கிடந்தது.

கோபுரம் உயிர்பெற்ற நாளில் குழிவளவில் வெள்ளச்சியின் போன்தான் முதலில் அடித்தது. ஊரே கூடி நின்றது. எடுத்தாள். காலர் டியூன் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பதிவுக் குரல் பேசியது. அவள் எழுந்து நின்று, "ஆகட்டுங்க... சரிங்க... ஆகட்டுங்க," என்று கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள்.

அப்புறம் ஜெயசுதாவுக்குக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் வெள்ளச்சி பேசறேன். வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுப் பேசறேன். கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுக்கா. எதுக்குக் கத்துறீங்க?"

"பழகிப் போச்சுங்க," என்றாள் வெள்ளச்சி. குரலைத் தாழ்த்திப் பார்த்தாள். "இப்பக் கேக்குதுங்களா? மேல்வளவுல அந்த நாலு வீட்டுக்காரங்க என்னைப் போட்டுத் திட்டறாங்க. ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போங்க."

ஜெயசுதா போய்ப் பார்த்தாள். அது இன்னொரு வேலை.

உயரப்படத்தின் கோப்புப் பெயருக்குப் பின்னால் துரைசிங்கம் 'பழுது' என்று சேர்த்து எழுதிவிட்டார். அதற்குப் பிறகு பெரிய வேலைகள் அதற்கு வரவில்லை. எழுபது அளவுகள் தனிக் கோப்பில் இருந்ததால், அந்த வெள்ளையை யாரும் மறுபடி அடைக்கவும் இல்லை. ஜெயசுதா மட்டும் சில நாள் திறப்பாள். கணிப்பான் வந்து கேட்கும்போது உயரப்படம் இப்போதெல்லாம், "இது நான் பார்த்தது," "இது அடைத்தது, ஆளை அனுப்பிப் பாருங்கள்," என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. கணிப்பானுக்கு இதில் அலுப்பு. "முன்னே மாதிரி ஐயாவிடம் வேகம் இல்லை," என்று மற்றவற்றிடம் சொல்லிக்கொண்டு திரிகிறது.

போன மாதம் புதுப் படங்கள் ஒரு கட்டாக வந்து அதே அலமாரியில் இறங்கின. எல்லாம் இளசுகள். ஒன்றின் நிறத்தை ஒன்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பழைய உயரப்படத்தின் வயிற்றில் இருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டது.

"பெரியவரே, உங்கள் உடம்பில் அந்த ஓர் இடம் மட்டும் தெரியாமல் போய்விட்டதா?" என்று மற்றவற்றுக்குக் கண் காட்டிக்கொண்டு கேட்டது.

உயரப்படம் தன் வெள்ளையைக் குனிந்து பார்த்துக்கொண்டது.

"இல்லப்பா," என்றது. "அந்த ஒரு எடத்துக்கு மட்டுந்தான் நான் நேர்ல போயிருக்கேன்."